பியானோவுக்குள் கூப்பிட்ட பெயர்

நில அளவைத் துறையில் ஓய்வு பெற்ற சாம்ராஜ், அறுபத்தொரு வயதில் பியானோவுக்குச் சுதி கூட்டக் கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொடுத்த பியூலா டீச்சர் அவரைவிட இருபது வயது இளையவர். பாளையங்கோட்டைப் பக்கத்துத் தேவாலயங்களில் எந்தப் பியானோ பிசகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

முதல் நாளே சாம்ராஜ் கேட்டார்.

"சத்தம் எங்கேருந்து வருது டீச்சர்?"

டீச்சர் ஒரு பழைய கம்பியை எடுத்தார். ஒரு நுனியை அவரிடம் கொடுத்தார். இருவரும் இழுத்துப் பிடித்தார்கள். டீச்சர் நடுவில் சுண்டினார். கொசு பறந்ததுபோல் ஏதோ கேட்டது.

பிறகு அதே கம்பியை மேசையின் விளிம்பில் அழுந்தும்படி வளைத்துப் பிடிக்கச் சொன்னார். மறுபடி சுண்டினார். மேசை முழுவதும் முனகியது.

"இப்ப சத்தம் கம்பியிலயா, மேசையிலயா?"

சாம்ராஜ் "சொல்லத் தெரியலை" என்றே நோட்டில் எழுதிக்கொண்டார்.

எட்டு மாதம் கற்றார். சங்கிலி பிடித்து நிலம் அளந்த கை. கம்பியை முடுக்கும் சாவி அதில் ஒரு மயிரிழைகூடத் தவறாது. ஒரு சனிக்கிழமை வந்து தயங்கி நின்றார்.

"எங்க வீட்டுல ஒரு பியானோ இருக்கு. கோயிலுக்குக் குடுத்துரலாம்னு சுதி கூட்டினேன். எல்லாம் சரியா நிக்குது. ஆனா உயிரில்ல. நீங்க ஒருதடவ வந்து பாக்கணும்."

டீச்சர் போனார். சாம்ராஜின் மனைவி எமிலி கதவைத் திறந்தாள். காபி கொண்டுவந்து வைத்தாள். அடுக்களைக்குள் போய்விட்டாள்.

சுவர் ஓரமாகப் பியானோ நின்றது. மேலே வெள்ளைத் துணி. டீச்சர் உட்கார்ந்து கட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கிக் கேட்டார்.

"சுதியில குறையே இல்ல அண்ணாச்சி. என்னாலகூட இதுக்கு மேல முடியாது."

"பின்ன ஏன் இப்படி இருக்கு?"

"யார் வாசிச்சது?"

சாம்ராஜ் அடுக்களைப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மக. போயி நாலு வருஷம் ஆச்சு. காய்ச்சல்னு கொண்டு போனோம். மூணே நாள்."

"பேரு?"

"இந்த வீட்டுல அதச் சொல்றதில்ல டீச்சர். அவ அம்மா தாங்கமாட்டா. அடக்கம் முடிஞ்ச அன்னைக்கு நிறுத்தினது. போட்டோவைக்கூட எடுத்து வச்சுட்டேன்."

டீச்சர் மேல்மூடியைத் திறந்தார். முன்பலகையைக் கழற்றிக் கீழே வைத்தார். கம்பிகள் தெரிந்தன. மேல்பகுதியின் சில குட்டைக் கம்பிகளைத் தவிர, ஒவ்வொரு கம்பியையும் ஒரு கம்பளித் துண்டு அழுத்திக்கொண்டிருந்தது.

"இது எதுக்குன்னு சொல்லுங்க."

"கம்பியை அடக்க. கட்டைய அமுக்கினா விலகும். விட்டா திரும்ப வந்து அடக்கிரும்."

டீச்சர் வலது பெடலை மிதித்தார். கம்பளித் துண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் விலகின. காலை எடுக்கவில்லை.

"உள்ள பாத்து உங்க மகளைக் கூப்பிடுங்க."

"டீச்சர்..."

"நான் மிதிச்சுக்கிட்டே இருக்கேன்."

சாம்ராஜ் நின்றார். காபியில் ஆடை படிந்தது. டீச்சரின் கால் பெடலிலேயே இருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

கடைசியில் சாம்ராஜ் குனிந்தார். உதடு அசைந்தது. கம்பிகள் சும்மா இருந்தன.

"எனக்கே கேக்கல அண்ணாச்சி. கம்பிக்கு எப்படிக் கேக்கும்?"

சாம்ராஜ் கண்ணை மூடினார். மாடியில் படித்துக்கொண்டிருப்பவளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல் அது. நாலு வருஷம் தொண்டைக்குள் கிடந்த குரல்.

"சலோமீ!"

கூப்பிட்டு நிறுத்தினார். பியானோ நிறுத்தவில்லை. இருநூறு கம்பிகளுக்குள்ளிருந்து அந்த ஓகாரமும் ஈகாரமும் மெல்லிதாக எழுந்து, பின்பலகையில் பரவி, அறையில் நின்றது. ஏறக்குறைய அவர் குரல்தான். ஆனால் தூரத்தில், வேறு யாரோ திருப்பிச் சொல்வதுபோல.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

எமிலி வாசற்படியில் வந்து நின்றாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சாம்ராஜ் பதறி நிமிர்ந்தார்.

"எமிலி, நான் வேணும்னு..."

"நான் தினமும் சொல்லுவேன்," என்றாள் அவள். "குழாயைத் திறந்துவிட்டுட்டுச் சொல்லுவேன். நீங்க தாங்கமாட்டீகன்னு."

சாம்ராஜ் பியானோவின் முன்னாலிருந்து விலகி நின்றார்.

அவள் வந்தாள். பியானோவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து மகளைக் கூப்பிட்டாள். குரல் பாதியில் உடைந்தது. உடைந்தது உடைந்தபடியே கம்பிகளில் எழுந்து நெடுநேரம் ஒலித்தது. இருவரும் அது அடங்கும்வரை அசையவில்லை.

பிறகு சாம்ராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"யாரும் தொடலையே டீச்சர். உள்ள இருக்கற சுத்தியல் கம்பியில படலையே. எங்கேருந்து வந்துச்சு?"

டீச்சர் பெடலிலிருந்து காலை எடுக்காமல், இருக்கையில் சற்றே நகர்ந்து இடம் விட்டார்.

"எனக்குக் கால் வலிக்குது அண்ணாச்சி. இங்க வந்து நீங்க மிதிங்க."