நான்காவது நத்தை

மனைவி கோமளா இறந்துபோன பிறகு, சபாநாயகம் வாரம் தவறாமல் கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் ரெஜினாவின் கடைக்கு வந்தார். நத்தை வளர்க்கக் கற்றுக்கொள்ள. அவர் முப்பது வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். அவள் பத்தாவது ஃபெயில்.

கோமளா விட்டுப்போனவை நான்கு ஆப்பிள் நத்தைகள். ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு. மூன்று செத்துவிட்டன. நான்காவதை அன்று டிபன் பாக்ஸில் தண்ணீர் விட்டு எடுத்து வந்திருந்தார். ஓட்டின் வாய்மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டு மூன்று நாளாக அது அசையவில்லை.

"செத்துப்போச்சாம்மா?"

"மோந்து பாருங்க சார்."

"நீயே பாரேன்."

"நத்தை உங்களுது."

கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். "பாசி வாசனைதான் வருது."

"செத்திருந்தா இந்நேரம் கடையே காலியாகியிருக்கும். உயிர் இருக்கு."

அவர் மூச்சு விட்டார். அவள் விடவில்லை. நத்தையைத் திருப்பினாள். ஓட்டின் உச்சி வெளுத்து, குழிகுழியாக அரித்திருந்தது. நகம் பட்ட இடம் உதிர்ந்தது.

"என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"நான் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணிதான். ஒரு குறையும் வைக்கல."

"அம்மா எதை ஊத்துனாங்க?"

"அவளா? போர்வெல் தண்ணி. பக்கெட்டெல்லாம் வெள்ளையாப் படியும். அதைப் போய் உயிருள்ளதுக்கு ஊத்துறியேன்னு தலையில அடிச்சுக்குவேன். படிச்சிருந்தாத்தானே? சிரிச்சுட்டுப் போயிடுவா."

ரெஜினா கடைக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய பக்கெட்டைக் கொண்டுவந்தாள். உள்ளே கெட்டியாக வெள்ளை படிந்திருந்தது. கத்தியால் ஒரு சில்லைப் பெயர்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். பக்கத்திலேயே நத்தையையும் வைத்தாள்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே ஃபார்முலா: கால்சியம் கார்பனேட். ஆர்.ஓ. தண்ணீரில் இல்லாதது. வருடா வருடம் கரும்பலகையில் எழுதியதுதான்.

"அந்த மூணும் இப்படித்தான் போச்சா?"

"ஆமா சார்."

சில்லைப் பக்கெட்டில் போட்டுவிட்டுக் கேட்டார்: "இனிமே போர்வெல் தண்ணியே ஊத்துறேன். ஓடு பழையபடி ஆயிடுமா?"

நத்தையை எடுத்து டிபன் பாக்ஸில் விட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"வாய்ப் பக்கம் புதுசா வளரும் சார். கரைஞ்ச இடம் அப்படியேதான் இருக்கும்."