சேமக்கலம் கேட்டு வந்த மான்கள்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடக்கூடிய ஒரு நாட்டில், மகுடவர்மன் என்றொரு மன்னர் இருந்தார். அவருக்கு மான் வேட்டையில் ஆசை அதிகம். குறி மட்டும் கொஞ்சம் குறைவு. தோட்டத்துத் தேங்காயைப் பார்த்து அவர் விட்ட அம்பு ஒருமுறை சமையற்கட்டுச் சாம்பாரில் கிடைத்தது.

அப்படிப்பட்டவர் ஒரே மாதத்தில் இருபத்தொரு மான்களை வீழ்த்தினார். எல்லாம் புதிய வேட்டை அதிகாரி செண்டலங்காரர் வந்த பிறகுதான். அரண்மனைக்குப் பின்னாலிருந்த காட்டில் அவர் ஒரு பரண் கட்டினார். உச்சிவேளையில் மன்னர் அதில் ஏறி அமர்வார். புதர் மறைவில் சேமக்கலம், பூசையில் அடிக்கும் வெண்கலத் தட்டு, மூன்று முறை ஒலிக்கும். "வனதேவதைக்குப் பூசை, அரசே" என்பார் அதிகாரி. சற்று நேரத்தில் பத்தடி தூரத்தில் மான்கள் வந்து நிற்கும். பத்தடியில் மன்னருக்கும் குறி தப்பவில்லை.

சபையில் எல்லோரும் அந்த வீரத்தைப் பாடினார்கள். விகடகவி வெள்ளியம்பலம் மட்டும் கொட்டாவி விட்டான்.

"நீ ஏன் பாடவில்லை?" என்றார் மன்னர்.

"வேட்டையென்றால் பாடுவேன், அரசே. பந்தியென்றால் பரிமாறியவரைத்தான் பாட வேண்டும்."

மன்னருக்குக் கோபம் வந்தது. அதற்காகவே காத்திருந்தவர்போல அதிகாரி எழுந்தார். "அரசே, வில், வலை, நாய் எதுவுமில்லாமல், காட்டில் கால் வைக்காமல், நாளைப் பொழுது சாய்வதற்குள் உயிருள்ள மான் ஒன்றை இவன் இந்தச் சபைக்குக் கொண்டு வரட்டும். தவறினால் குடும்பத்தோடு நாடு கடத்துங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

விஷயம் கேட்டு வெள்ளியம்பலத்தின் மனைவி தெய்வானை அழுதுகொண்டே பானை சட்டிகளை மூட்டை கட்டினாள்.

"உரலைக் கட்டாதடி. நாளன்னைக்கு மாவாட்டணும்" என்று சொல்லிவிட்டு அவன் படுத்துத் தூங்கினான்.

மறுநாள் அதிகாரி தம் ஆட்கள் அத்தனை பேரையும் காட்டிலிருந்து வரவழைத்து, விகடகவி காட்டுக்குள் நுழைந்துவிடாதபடி காவல் வைத்தார். அதனால் அன்று காட்டில் சேமக்கலம் அடிக்க ஆளில்லை.

உச்சிவேளையில் வெள்ளியம்பலம் அரண்மனைப் பின்வாசலைத் திறந்து வைத்து, பூசை அறையில் கேட்டு வாங்கிய சேமக்கலத்தை மூன்று முறை அடித்தான். பிறகு உள்ளே வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அதிகாரி மீசையைத் தடவினார். அப்போது காது கிழிந்த கலைமான் ஒன்று சபைக்குள் எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் பதினான்கு மான்கள். அவை அரியணையைப் பார்க்கவேயில்லை. நேராக அதிகாரியிடம் போய் அவருடைய மடியை முகர்ந்தன.

"இவற்றை நான் பார்த்ததே இல்லை, அரசே" என்றார் அதிகாரி. கலைமான் அவருடைய அங்கவஸ்திரத்தை மெல்லத் தொடங்கியது.

காவலுக்கு நின்ற அவருடைய ஆள் ஒருவன் ஓடி வந்தான். "ஐயா, நம்ம கிழிஞ்சகாதன்தாங்க! இன்னிக்குக் கம்பும் வெல்லமும் வைக்கலைல்ல, பசியில தேடி வந்துட்டான் பாவம்!"

மன்னர் இறங்கி வந்து கையை நீட்டினார். ஒரு மான் பயமில்லாமல் அதை நக்கியது.

"வெள்ளியம்பலம், அந்த இருபத்தொன்றும் இப்படித்தான் வந்தனவா?"

"ஆம், அரசே. சாப்பிட வந்தன."

மன்னருக்கு வெட்கமாக இருந்தது. தீனி வைப்பது அன்றோடு நின்றது. உட்கார்ந்து தின்று பழகிய மான்களுக்குப் புல் மேயக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு செண்டலங்காரருக்குத் தரப்பட்டது. அவர் குனிந்து செய்து காட்டியதாகக் கேள்வி.

மன்னர் வில்லோடு தனியாக, நடந்தே காட்டுக்குப் போனார். ஏழு நாள் வெறுங்கையோடு திரும்பினார். எட்டாம் நாள், காலெல்லாம் முள் தைக்க, சபைக்குள் ஓடி வந்தார்.

"வெள்ளியம்பலம்! இன்று ஒரு மானின் வாலைப் பார்த்தேன்!"

விகடகவி எழுந்து, முதன்முதலாக, மன்னரின் வேட்டையைப் பாடினான். வாலுக்கு மட்டும் பதினாறு அடி. மன்னர் வயிறு குலுங்கச் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.