காலிக் கட்டம்

அறுபத்துமூன்று தனிமங்கள் மட்டுமே உலகத்துக்குத் தெரிந்திருந்த காலம் அது. மலையடிவாரத்தில் யோகாம்பாள் ஓர் ஆய்வுச்சாலை நடத்திவந்தாள். அவளுடைய சீடர் மாசிலாமணி அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கண்ணாடி உலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுப் படிக்க வந்தவர்.

ஒவ்வொரு தனிமத்தின் பெயரையும் அணு எடையையும் ஓர் அட்டையில் எழுதி, எடை ஏற ஏற அடுக்கினார். குணம் திரும்ப வரும் இடம் பார்த்து வரிசையை மடக்கிக் கீழே தொடர்ந்தபோது, ஒரே குணமுள்ளவை ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஆர்சனிக்கில் வந்து இடித்தது.

"அம்மா, ஆர்சனிக் குணத்தில் பாஸ்பரஸுக்குத் தம்பி. எடைப்படி வைத்தால் அலுமினியத்துக்குக் கீழே போய் உட்காருகிறது. நாளை மறுநாள் அறிஞர் சபையில் இதைக் காட்ட வேண்டும். என்ன செய்ய?"

யோகாம்பாள் அந்த அட்டையை எடுத்து, இரண்டு இடம் தள்ளி, பாஸ்பரஸுக்குக் கீழே வைத்தாள்.

"நடுவில் இரண்டு கட்டம் காலியாகிவிட்டதே. அங்கே ஒன்றுமில்லையே, அம்மா?"

"ஒன்றுமில்லை என்று யார் சொன்னது? நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்."

மாசிலாமணி அன்று சாப்பிடக்கூட எழவில்லை. காலிக் கட்டத்துக்கு மேலே இருப்பதையும் பக்கத்தில் இருப்பதையும் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்.

சபையில் சிரித்தார்கள்.

"என்ன ஐயா, அட்டவணை பொக்கைவாயாக இருக்கிறதே!"

"அலுமினியத்துக்குக் கீழே ஓர் உலோகம் இருக்கிறது," என்றார் மாசிலாமணி. "எடை எழுபதுக்குச் சற்றுக் குறைவு. லேசான சூட்டிலேயே உருகும். பொய்யானால் இந்த அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள்."

அதன்பிறகு ஆறு வருஷம் எந்தச் சபையும் அவரைக் கூப்பிடவில்லை. தெருவில் சிறுவர்கள்கூட 'காலிக்கட்டத்தார்' என்று கேலி பேசினார்கள். யோகாம்பாளின் ஆய்வுச்சாலைக்குப் படிக்க வருபவர்களும் குறைந்தார்கள். அவள் அவரிடம் ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை.

ஏழாம் வருஷம் கடல் கடந்து ஒரு கடிதம் வந்தது. துத்தநாகக் கனிமத்தில் யாரோ ஒரு புது உலோகம் கண்டிருந்தார்கள். எடை எழுபதுக்குச் சற்றுக் குறைவு. உள்ளங்கையில் வைத்தால் உருகுகிறது.

மாசிலாமணி கடிதத்தோடு ஓடினார். உரக்க வாசித்தார். யோகாம்பாள் தன் நாற்காலியைவிட்டு எழுந்து நின்று கேட்டாள். அதுவரை எந்தச் சீடருக்காகவும் அவள் எழுந்ததில்லை.

"அம்மா, அட்டவணையை நல்ல தாளில் எழுதி, சட்டம் போட்டு மாட்டிவிடலாமா?"

"எழுதுங்கள். சட்டம் வேண்டாம். தாளை மட்டும் பெரிதாக வாங்கி வாருங்கள்."