ஞாயிறு மூன்று மணிக்குக் குடிவந்தவன்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் ரகம். ஆனால் இப்போது வராது. கிளம்பிவிட்டது, வழியில் இருக்கிறது. அது வந்து சேரும்வரை மற்றதைச் சொல்லிவிடலாம்.

ஒரு ஊரில் ஒரு சேனல் இருந்தது. அந்தச் சேனலின் நேரம் முழுக்க அட்டவணை ஐயாவுக்குச் சொந்தம். அவர் அதை அரை அரை மணியாகத் தடுத்து, வீடு கட்டி, நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். விடிகாலை வீட்டில் பக்திப் பாடல்கள். ஏழு மணி வீட்டில் ஒரு அழுகைச் சீரியல். எட்டு மணி வீட்டில் இன்னொரு அழுகைச் சீரியல். இரண்டுக்கும் நடுவே, ஏழரை வீட்டில், சிரிப்புச் சந்து குடியிருந்தான்.

சந்து ஒரு அரைமணி நகைச்சுவைத் தொடர். ஒரு காம்பவுண்டு, நாலு குடித்தனம், ஒரு ஹவுஸ் ஓனர். ஓனருக்குக் கோழி, சேவல் என்றால் ஆகாது. மாடியில் குடியிருப்பவனோ ரகசியமாக ஒரு சேவல் வளர்த்தான். அது கூவும்போதெல்லாம் ஓனர் மூச்சிரைக்கப் படியேறி வந்து, "என்னய்யா சத்தம்?" என்பார். அவன் கூசாமல், "சேவலா? ஐயையோ, எங்க மாமா இருமுறாருங்க!" என்பான். நானூறு எபிசோடாக இதே பொய். நானூறு எபிசோடாக ஓனரும் நம்பினார்.

சந்துவின் தோளில் எப்போதும் ஒரு பை தொங்கும். அதில் பதிவு செய்த சிரிப்பு. ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் ஒரு பிடி அள்ளி வீசுவான். ஹா ஹா ஹா என்று அறை நிறையும். ஊரே தனக்காகச் சிரிக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

ஒருநாள் எட்டு மணி வீட்டுக்காரியிடம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டான். அவள் பெயர் கண்ணீர்க்கரை. ஆயிரத்து நூறு எபிசோடு பார்த்தவள். அவளுடைய கதாநாயகி மூன்று மாதமாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்மூடிக் கிடந்தாள்.

"தம்பி," என்றாள் கண்ணீர்க்கரை, மூக்கை உறிஞ்சியபடி. "நீ ஒரு நிகழ்ச்சியே இல்லடா. குக்கர் மூணு விசில் அடிக்கிற நேரம், அவ்வளவுதான். ஏழு மணிக்கு அழுதவங்க எழுந்து போய் அரிசி களைவாங்க, துணி மடிப்பாங்க. எட்டு மணிக்கு என்கிட்ட வரணும்ல, அதனால டிவியை அணைக்க மாட்டாங்க. நீ ஓடுவ. யாருடா உன்னைப் பாத்தா?"

"எனக்காகத்தான் உக்காந்திருக்காங்க!"

"அப்படியா? எங்க நடுவுல இல்லாம, தனியா ஒரு நேரத்துல நின்னு காட்டு."

சந்துவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே அட்டவணை ஐயாவிடம் போனான். ஐயா கையில் பென்சில், காதில் அழிப்பான். எதையும் சுற்றறிக்கை மாதிரிதான் பேசுவார்.

"தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி வீடு காலியாக உள்ளது. அங்கு எவரும் வாடகைக்கு வருவதில்லை. கறிக்குழம்பு உண்டு ஊரே உறங்கும் வேளை. எட்டு வாரம் இருந்து பார்க்கலாம். அதன்பின் அங்கேயே இருப்பதா, ஏழரைக்கே திரும்புவதா என்பது தங்கள் விருப்பம். திரும்புவதானால் ஒரு நிபந்தனை. கொஞ்சம் அழ வேண்டும். மாடிவீட்டுக்காரனின் மாமாவைச் சாகடித்துவிடலாம்."

"ஐயா, அப்படி ஒரு மாமாவே கிடையாதே! அது சேவலுங்க!"

"எனில் சேவலைச் சாகடிக்கலாம்," என்றார் ஐயா, குறித்துக்கொண்டு.

கிளம்பும்போது கண்ணீர்க்கரை ஒரு கைக்குட்டையை அவன் கையில் திணித்தாள். "நனைச்சே கொடுத்திருக்கேன். பிழியப் பிழிய வரும். தேவைப்படும் தம்பி."

முதல் ஞாயிறு. மூன்று மணி. சந்து ஊருக்குள் இறங்கினான். வீடு வீடாகப் பார்த்தான். எங்கும் டிவி இருட்டு. ஃபேன் சத்தமும் குறட்டைச் சத்தமும்தான். ஒரே ஒரு வீட்டில் வெளிச்சம் இருந்தது. ஓடிப் போய் உள்ளே நுழைந்தான்.

கூடத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் மட்டும் ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். மற்ற மூன்றும் காலி.

டிவிக்குக் கீழே கைப்பிடி அகலத்தில் ஒரு பெட்டி உட்கார்ந்திருந்தது. அது மீட்டர். வீட்டில் யார் யார் டிவி பார்க்கிறார்கள் என்று எண்ணி அட்டவணை ஐயாவுக்குச் சொல்வது அதன் வேலை. வீட்டில் ஆளுக்கு ஒரு பொத்தான். டிவி முன்னால் உட்கார்ந்ததும் அவரவர் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரியும்.

நாலு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன.

"வாண்ணே!" என்றான் மீட்டர். எல்லாச் சீரியலையும் கேட்டுக் கேட்டு யார் குரலையும் அப்படியே எடுப்பான், போக்கிரி. செய்தி வாசிப்பவர் மாதிரித் தொண்டையைச் செருமினான். "வணக்கம். தலைப்புச் செய்திகள். சிரிப்புச் சந்து மூன்று மணிக்கு மாற்றம். சேவல் கவலைக்கிடம்."

"விளையாடாதடா. ஒருத்தங்கதானே இருக்காங்க? நாலு விளக்கு எரியுது?"

"ஒண்ணாம் பொத்தான் நீலமேகம் மாமா. ரெண்டு, இந்தா உக்காந்திருக்காங்களே, அவர் சம்சாரம் தெய்வானை அத்தை. மூணு அவங்க பையன் செழியன். நாலு பொண்ணு வதனி."

"மத்த மூணு பேரு எங்க?"

"இருக்காங்கண்ணே."

"எங்கடா?"

"இந்த வீட்டுல உனக்கு ஒரு சிரிப்பு இருக்கு. பையில அடைச்சது இல்ல, பச்சைச் சிரிப்பு. ஆனா நான் எடுத்துத் தரமாட்டேன். நீயா கண்டுபிடி."

அதற்குள் ஓனர் படியேறும் காட்சி வந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போது சந்துவால் ஓரக்கண்ணால்தான் பார்க்க முடியும். விளம்பர இடைவேளையில்தான் மூச்சு விடலாம். "சேவலா? ஐயையோ, எங்க மாமா இருமுறாருங்க!" என்று முடித்துவிட்டு, இடைவேளை வந்ததும் ஆசையாகத் தெய்வானையைப் பார்த்தான்.

அவள் சிரிக்கவில்லை. முந்தானை நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

சந்துவுக்கு முகம் செத்துவிட்டது. அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தான். அவளுக்கு முன்னால் ஸ்டூலில் ஒரு சொம்பு. சொம்பில் ஒரு செல்போன் சாய்ந்திருந்தது. போனின் முதுகு இவனைப் பார்த்து இருந்தது, முகம் அவளைப் பார்த்து. அவள் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு, சந்து பார்க்கப் பார்க்க, அந்தப் போனோடு சேர்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பாத்திரம் கழுவும் சோப்பு விளம்பரம் காது கிழியக் கத்திக்கொண்டிருந்ததால் போனில் என்ன ஓடுகிறது என்று கேட்கவில்லை.

"என் முன்னாடி உக்காந்துக்கிட்டு வேற எவனோ சொல்ற ஜோக்குக்குச் சிரிக்கிறாங்களே!" என்றான் சந்து.

"அச்சச்சோ," என்றான் மீட்டர், கண்ணீர்க்கரையின் குரலில். "டாக்டர்! என் தம்பி மனசு ஒடைஞ்சு போச்சு டாக்டர்!"

அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்த ஞாயிறும். சந்து நல்ல வசனமாகப் போடுவான். தெய்வானை உதட்டைக் கடித்துக்கொள்வாள், முந்தானையை வாயில் வைப்பாள், மூக்கு விடைக்கும், தோள் நடுங்கும். சிரிக்க மட்டும் மாட்டாள். அவன் அடுத்த வசனத்துக்குப் போன பிறகு, போனுக்குள்ளிருந்து கசகசவென்று ஏதோ சிரிப்புச் சத்தம் வரும். அதோடு சேர்ந்து இவளும் வெடிப்பாள். நாலாவது வாரம், ஓனர் வீட்டைக் காலிபண்ணச் சொல்லி எல்லோரும் தலைகுனிந்து நிற்கும் காட்சி. சந்து உருகிப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தான். போன் கெக்கே பிக்கே என்று சிரித்தது.

"மரியாதைன்னு ஒண்ணு வேணாமாடா?" என்றான் மீட்டரிடம்.

மீட்டருக்கே ஒரு கணம் பாவமாகிவிட்டது. "அண்ணே, அந்த அத்தை எப்ப சிரிக்கிறாங்கன்னு மட்டும் பாக்காத. எப்ப சிரிக்காம இருக்காங்கன்னு பாரு."

"புதிர் போடாத. நாலு பேருன்னு பொய்க் கணக்கு எழுதுற பயல் நீ. ஒருத்தங்கதான் இருக்காங்க. அவங்களும் என்னைப் பாக்கல."

"நான் பொய் சொன்னா என் வயரு அந்துபோகும்," என்றான் மீட்டர். இதை மட்டும் சொந்தக் குரலில் சொன்னான்.

வாரங்கள் போயின. சோப்புக்காரர் விளம்பரத்தை நிறுத்திக்கொண்டார். வெட்டவெளியில் கூவி யாருக்கு என்ன லாபம்? பிறகு மசாலாப்பொடியும் நின்றது. ஏழாம் வாரம் ஒரு தலைவலித் தைலம் மட்டும் மிச்சம். எட்டாம் வாரம் அதுவும் போய்விட்டது.

எட்டாம் ஞாயிறு. சந்து கையில் கண்ணீர்க்கரையின் கைக்குட்டையோடு வந்தான். முகத்தைப் பார்த்ததும் மீட்டருக்குப் புரிந்துவிட்டது.

"என்னண்ணே முடிவு?"

"ஏழரைக்கே போறேன். சேவலைச் சாகடிச்சிடுறேன். அழுதாத்தான் ஆள் பாப்பாங்கன்னா அழுதுட்டுப் போறேன். இன்னிக்கு இடைவேளையில ஐயாகிட்டச் சொல்லிடு."

"பாதி நேரம் இருக்குல்ல? ஓட்டு, பாக்கலாம்."

சந்து ஓட்டினான். கடைசி முறை என்பதால் மனசு கேட்கவில்லை. ஓனரை மூன்று படி சறுக்க வைத்தான். சேவலை ஓனரின் தலைமேலேயே ஏற்றினான். சேவல் தொண்டையைக் கிழித்துக் கூவியது. ஓனர் அண்ணாந்து பார்த்தார். மாடிவீட்டுக்காரன் கண்ணை உருட்டிக்கொண்டு சொன்னான்: "சேவலா? ஐயையோ, எங்க மாமா இருமுறாருங்க!"

சந்து பையில் கையை விட்டான். ஒரு பிடி சிரிப்புகூட மிச்சமில்லை. நானூற்றுச் சொச்சம் எபிசோடில் தீர்ந்துவிட்டிருந்தது.

இடைவேளை வந்தது. போடுவதற்கு ஒரு விளம்பரமும் இல்லாததால், நிலையம் 'தொடரும்' என்று ஒரு அட்டையை மட்டும் போட்டது. பாட்டில்லை, பேச்சில்லை. அந்தக் கூடத்தில் முதல்முறையாக அமைதி.

மீட்டர் அட்டவணை ஐயாவின் குரலில், "எட்டு வாரம் நிறைவுற்றது. தங்கள் முடிவு?" என்றான்.

சந்து வாயைத் திறந்தான். தெய்வானை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் முட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

போன் வெடித்தது.

ஒரு ஆண்குரல் அடிவயிற்றிலிருந்து சிரித்தது. ஒரு பையன் சிரித்து, புரையேறி, இருமினான். ஒரு பெண் கீச்சென்று கத்தினாள். அந்த நொடியில்தான் தெய்வானை முந்தானையை விட்டாள். நாலு சிரிப்பும் ஒன்றாய்க் கலந்து கூடத்தில் நிறைந்தது.

"அப்பா, அந்த ஆளு தலையில ஏறி நிக்குது பாருங்க!"

"கொக்கரக்கோ..." என்று ஆண்குரல் கூவியது. பிறகு அதே குரல் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னது: "சேவலா? ஐயையோ, நான் சிங்கப்பூர்லேர்ந்து இருமுறேனுங்க!"

சந்து அசையாமல் நின்றான். அது அவனுடைய வசனம்.

"ஏங்க, மெதுவா. பக்கத்துக் கட்டில்ல தூங்குறவங்க எழுந்துக்கப் போறாங்க," என்றாள் தெய்வானை.

"எவன் தூங்குறான்? ரூம்ல பன்னெண்டு பேரும் என் தோள்மேலதான் தொங்குறானுங்க. போனை இன்னும் கொஞ்சம் டிவிப் பக்கம் திருப்பு புள்ள, ஓனர் தலை பாதிதான் தெரியுது."

தெய்வானை எழுந்து, சொம்பில் சாய்ந்திருந்த போனைச் சரிசெய்தாள். அதன் முதுகில் இருந்த கருப்புக் கண் நேராகச் சந்துவைப் பார்த்தது.

"அம்மா, நீ எங்களுக்கு முன்னாடியே பாத்துடுற. எப்படிம்மா சிரிக்காம இருக்க?" என்றது பெண்குரல்.

"உங்களுக்கு மூணு செகண்டு கழிச்சுதானடி போய்ச் சேருது. நான் முன்னாடியே சிரிச்சுட்டா உங்களுக்கு வசனம் கேக்காதே. அதுவுமில்லாம..." தெய்வானை நிறுத்தினாள். "தனியா சிரிச்சு என்ன பண்ண? வந்து சேருங்க, சேந்து சிரிப்போம்னு பிடிச்சு வச்சுக்குவேன்."

"ஏழரைக்கு ஓடுனப்ப நான் இதைப் பாத்ததே இல்ல," என்றான் பையன். "ஓசூர்ல எனக்கு ராத்திரி ஷிப்டு. நல்லவேளை, ஞாயித்துக்கிழமைக்கு மாத்துனான்."

"எனக்கு மட்டும்? ஹாஸ்டல்ல ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும்தான் போன் கைக்கு வரும், அதுவும் ஞாயித்துக்கிழமைதான். மூணு மணின்னா எனக்காகவே வச்ச மாதிரி இருக்கு. அம்மா, எங்க பொத்தானை அமுக்குனியா?"

"மொத வேலையே அதுதான். நாலு விளக்கும் எரியுது, பாரு."

"எங்க ரூம் பன்னெண்டு பேருக்கும் அமுக்கச் சொல்லுறானுங்க," என்றார் நீலமேகம்.

"அதுக்கெல்லாம் என்கிட்டப் பொத்தான் இல்லண்ணே," என்று மீட்டர் சந்துவின் காதோரம் சொன்னான்.

சந்து காலி நாற்காலிகளைப் பார்த்தான். போனைப் பார்த்தான். தெய்வானை திரும்ப வந்து உட்கார்ந்து, முந்தானை நுனியை எடுத்துத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தான். கண்ணீர்க்கரை கொடுத்த கைக்குட்டை அவன் கையிலிருந்து நழுவி எங்கோ விழுந்தது. மீட்டர் எந்தக் குரலையும் எடுக்காமல் காத்திருந்தான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

சந்து சிரித்தான்.