ருசி பார்க்காத சூப்

"நிறுத்துங்க சார்."

கிளெமான்ஸ் பானையிலிருந்து ஒரு ஸ்பூன் சூப் எடுத்துச் சுவைத்தாள். ஸ்பூனைக் கழுவும் தொட்டியில் போட்டாள்.

"இது வெளிய போகாது. உப்பு பத்தல."

வேதாசலம் அடுப்பைத் தணித்தார். உருளைக்கிழங்கும் லீக்ஸ் என்ற தடித்த வெங்காயத் தாளும் வெண்ணெயில் வதக்கிச் செய்யும் பிரெஞ்சு சூப். நேற்று உப்பு கூடியிருந்தது.

"ருசி பார்த்தீங்களா?"

"வாசனையில சரியா இருந்துது செஃப்."

"சாருக்கு மூக்குலதான் நாக்கு," என்றான் கேரட் நறுக்கிக்கொண்டிருந்த மார்செல்.

கிளெமான்ஸுக்கு முப்பத்தாறு வயது. புதுச்சேரியில் எட்டு மேசைகள் கொண்ட உணவகம் அவளுடையது. மாணவர் வேதாசலத்துக்கு ஐம்பத்திரண்டு. மின்வாரிய அலுவலகத்தில் மூன்று மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சமையல் கற்க வந்தவர். விடுப்பு இன்றோடு முடிகிறது.

சுத்தமான ஸ்பூன்கள் இருந்த டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரு ஸ்பூன் ஒரு தடவதான் வாய்க்குப் போகும். திரும்பப் பானைக்கு வராது. எச்சிலே இல்ல. எத்தன நாள் சொல்லிட்டேன்?"

"தெரியுது. கை வர மாட்டேங்குது."

பிறகு அவராகவே சொன்னார்.

"எட்டு வயசுல பாயசக் கரண்டிய நக்கிட்டேன். சாமிக்கு இன்னும் படைக்கல. அம்மா திட்டல. அத்தனையும் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில ஊத்திட்டு, மறுபடி அரிசி களஞ்சாங்க. அன்னிக்கு எல்லாருக்கும் சாப்பாடு மூணு மணிக்கு."

அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"கடைசி வரைக்கும் ருசி பார்க்காமத்தான் சமைச்சாங்க. ஒருநாள்கூட உப்பு தப்பல."

"அவங்க எத்தன வருஷம் சமைச்சாங்க?"

"அம்பது இருக்கும்."

"நீங்க மூணு மாசம்."

வேதாசலம் கைகளைத் துண்டில் துடைத்தார். ஏற்கெனவே உலர்ந்த கைகள்தான்.

"உள்ளதச் சொல்லுங்க செஃப். எனக்கு இது வருமா? நாளைக்கு ஆபீஸ் போறதா, ராஜினாமா எழுதறதா?"

மார்செலின் கத்தி நின்றது.

"எதப் பார்த்து இங்க வந்தீங்க?" என்று கேட்டாள் கிளெமான்ஸ்.

"சொன்னா சிரிப்பீங்க. ஒரு கார்ட்டூன் படம். பிரெஞ்சுச் சமையல் பத்தி. பொண்ணுக்கு அப்ப ஏழு வயசு. கூட்டிட்டுப் போனேன். அவ பாதியில என் தோள்ல தூங்கிட்டா. நான் முழுசாப் பார்த்தேன். இப்ப அவளே வேலைக்குப் போறா."

"பதினஞ்சு வருஷம் இருக்குமா?"

"இருக்கும்."

"அதுல என்ன பிடிச்சது?"

அவர் பானையைப் பார்த்தார்.

"பானையிலேர்ந்து ஆவி வரும். வரஞ்ச ஆவிதான். ஆனா எனக்குப் பசிச்சுது செஃப்."

யாரும் சிரிக்கவில்லை.

"பதினஞ்சு வருஷத்துப் பசி," என்றாள் கிளெமான்ஸ். "சாப்பாட்டுக்கு முன்னால வந்து நின்னுட்டு, மோந்து பார்த்துட்டு, வீட்டுக்குப் போகட்டுமான்னு என்னக் கேக்கறீங்க."

அவள் அடுத்த அடுப்புக்குப் போனாள். மார்செல் மிச்சமிருந்த கேரட்டை நறுக்கத் தொடங்கினான்.

வேதாசலம் டம்ளரிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்துப் பானையில் விட்டார். பிறகு வாயிலிருந்து ஸ்பூனை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு, உப்பு ஜாடியைத் திறந்தார்.