வாளிக்குள் இருபது மடவை

பழவேற்காட்டு ஏரியில் தூண்டில் போடுகிற பெண் ஒருத்திதான். பூங்காவனம். வயது நாற்பது. பேச்சு கம்மி, கோபம் ஜாஸ்தி. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவரும் ஒருத்தர்தான். தேசப்பன். வயது ஐம்பத்தெட்டு, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியவர் அவளை "வாத்தியாரம்மா" என்று கூப்பிடுவார், அவள் அவரை "அண்ணா" என்பாள். கரையில் இருந்தவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களுக்கே அலுத்துவிட்டது.

அன்று காலை அவர் படகில் ஏறிய விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மனுஷன் சாப்பிடவில்லை, தூங்கவும் இல்லை.

"இன்னாண்ணா?"

"யுகேந்திரன் போறேங்கிறான். இன்னைக்கு நாலு மணி பஸ்ஸுக்கு."

யுகேந்திரன் அவருடைய ஒரே பையன். இருபத்தேழு வயது. குடியை விடவைக்கும் இல்லத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வீடு திரும்பி நாற்பத்தொரு நாள் ஆகிறது. இந்த நாற்பத்தொரு நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை.

"எங்க போறானாம்?"

"செங்குன்றம். சிநேகிதன் ரூமுக்கு. முன்னாடி எவனோட உட்கார்ந்து குடிச்சானோ, அதே பையன். போனா திரும்பி வர மாட்டான் வாத்தியாரம்மா. வந்தாலும் பழைய ஆளாத்தான் வருவான்."

"ஏன் போறானாம்?"

தேசப்பன் தண்ணீரைப் பார்த்தார். "வாசல்ல நுழையுறப்போ ஊதச் சொல்லுவேன்."

"ஊதச் சொல்லி?"

"மோந்து பாப்பேன். சட்டைப் பையில கை விட்டுப் பாப்பேன். போனை எடுத்துப் பாப்பேன். தப்பா? லைன்ல ஏறுறதுக்கு முன்னாடி டெஸ்டர் வச்சுப் பாக்கணும். கரண்ட் இல்லைன்னு எவன் சத்தியம் பண்ணாலும் நம்பக் கூடாது. முப்பத்து மூணு வருஷம் அப்படிப் பாத்ததுனாலதான் இன்னைக்கு உன் எதிர்ல உட்கார்ந்திருக்கேன். பாக்காம ஏறினவங்க ரெண்டு பேர் மாலை போட்ட போட்டோவாத் தொங்குறாங்க."

"நேத்து எத்தனை தடவை ஊதினான்?"

"அஞ்சு. ஆறாவது தடவை ஊதலை. உள்ள போய் துணியை மடிச்சு வச்சான்." அவர் அவள் பக்கம் திரும்பினார். "அவனை எப்படிம்மா பிடிச்சு வைக்கிறது? நீயே ஒரு வழி சொல்லு."

அவள் மூடி போட்ட நீல வாளி ஒன்றை அவர் காலடிக்குத் தள்ளினாள். உள்ளே மடவை மீன் குஞ்சுகள், விரல் நீளத்தில் இருபது. காலையில் கரையோரம் வீச்சு வலை போட்டு அவள் பிடித்தவை. கொடுவா மீனுக்கு இரை உயிர் மடவைதான். செத்ததைக் கொடுவா திரும்பிக்கூடப் பார்க்காது.

"ஒரு மணிக்கு முகத்துவாரத்துல தண்ணி திரும்பும். கொடுவா ஏறி வர்றது அந்த ஒரு மணி நேரம்தான். அதுவரைக்கும் இது உன் பொறுப்பு. பலகைக்கு அடியில நிழல்ல வை. மேல ஈரச் சாக்கு போடு. நான் சொல்றப்போ ஒரு சொம்பு தண்ணி, மெதுவா. கை வைக்காதே."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பஸ்ஸுக்கு முன்னாடி உன்னைக் கரையில விட்டுடறேன்."

அவள் முன்னால் போய்க் கழி ஊன்றிப் படகைத் தள்ளினாள். முதுகு அவர் பக்கம் இருந்தது.

பத்து நிமிஷம் தேசப்பன் சும்மா இருந்தார். பிறகு வீட்டுக்கு போன் போட்டார். "இருக்கானா?"

"குளிக்கிறான்" என்றாள் மனைவி.

"கதவைத் தட்டிப் பாரு."

"நீ சும்மா இருய்யா" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

அவர் வாளியைப் பார்த்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. செத்துகித்துப் போயிருந்தால்? ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் மனசு ஆறும். சாக்கை நகர்த்தி மூடியைத் திறந்தார்.

வெயில் விழுந்ததும் இருபதும் சிதறின. வாளிச் சுவரில் மூக்கை இடித்துக்கொண்டன. ஒன்று துள்ளிப் படகுக்குள் விழுந்தது. அவர் பாய்ந்து அதைப் பிடித்து, நழுவ நழுவ இறுக்கிப் பிடித்து, உள்ளே போட்டு மூடினார். உள்ளங்கையில் செதில்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. வேட்டியில் துடைத்தார்.

பூங்காவனம் திரும்பவில்லை.

துள்ளிய மீன் பிழைத்ததா என்று தெரிய வேண்டுமே. மறுபடி திறந்தார். அது பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நீந்தியது. வேறு ஏதாவது துள்ளி வெளியே போயிருக்குமோ என்று ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். ஓடுகிற மீனை எண்ண முடியுமா? பதினேழு வந்தது, இன்னொரு தடவை பத்தொன்பது வந்தது. கையை விட்டு ஓரமாக ஒதுக்கி ஒதுக்கி எண்ணினார். இருபது சரியாக இருந்தது. நிம்மதியாக மூடினார். அந்த நிம்மதி கால் மணி நேரம்கூட நிற்கவில்லை.

திறந்து திறந்து பார்த்தார். அப்படி ஒரு தடவை திறந்தபோது மூன்று மீன்கள் வயிற்றை மேலே காட்டிக் கிடந்தன.

அவர் சத்தம் போடாமல் எடுத்து ஏரியில் போட்டார். மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூச்சு முட்டுகிறது, புதுத் தண்ணீர் கேட்கின்றன என்று அவருக்குத் தோன்றியது. படகு அதற்குள் முகத்துவாரத்துக்குப் பக்கம் வந்திருந்தது. அங்கே தண்ணீர் கடல் உப்பு. வாளியில் இருந்ததோ உள் ஏரித் தண்ணீர். அது அவர் நினைப்பிலேயே இல்லை. பாதித் தண்ணீரைச் சாய்த்துவிட்டு, ஒரே மூச்சில் புதுத் தண்ணீரை மொண்டு ஊற்றினார். நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தார்.

போன் அடித்தது. மனைவி.

"பையைத் தோள்ல மாட்டிப் பாத்தான். திரும்ப இறக்கி வச்சான். நீ போன் பண்ணாதே, நானே பண்றேன்."

மூடியைத் திறந்தார். எட்டு மீன்கள் மல்லாந்துவிட்டன.

"வாத்தியாரம்மா."

"ம்."

"செத்துக்கிட்டே இருக்குதும்மா."

அவள் நங்கூரக் கல்லை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். செத்தவற்றோடு, சாகப் போகிறவை மூன்றையும் பிரித்து எடுத்தாள். மிச்சம் ஆறு. ஒரு சொம்பு தண்ணீரை விரலிடுக்கில் கசியவிட்டு ஊற்றினாள். மூடினாள். சாக்கை நனைத்துப் போட்டாள்.

"திட்டும்மா" என்றார் அவர்.

"எதுக்கு?"

"உன் நாளைக் கெடுத்துட்டேன். நான் தொறக்குறது தெரியாதா உனக்கு?"

"பதினோரு தடவை மூடி சத்தம் கேட்டுச்சு."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"காலையிலயே சொன்னேன். நீ கேக்குறியான்னு பாக்கணும்னா, நானும் வாளி பக்கத்துலயே உன்னைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். அப்புறம் படகை எவன் தள்ளுறது?"

அவருக்குக் கோபம் வந்தது. "சாகக் கூடாதுன்னுதாம்மா பாத்தேன்."

"தெரியும்."

"வேற எதுக்குப் பாத்தேன்?"

"தெரியும்னு சொன்னேன்ல."

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் நின்றது. பிறகு மெல்லத் திரும்பியது. பூங்காவனம் கையைத் தண்ணீரில் நனைத்தாள். மூடியை ஒரு பக்கம் மட்டும் நெம்பி, கையை உள்ளே விட்டு, அசைக்காமல் வைத்திருந்தாள். தேசப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஒரு மடவை தானாக வந்து அவள் உள்ளங்கைக்கு மேலே நின்றது. தண்ணீரோடு சேர்த்து அள்ளினாள். அது துடிக்கவில்லை. மேலுதட்டில் தூண்டில் முள்ளைச் செருகி நீரில் விட்டபோதுதான் துள்ளி ஓடியது.

"என் கையில அந்தப் பாடு படுத்துச்சு. உன் கையில மட்டும் எப்படிச் சும்மா கிடக்குது?"

"என் கை ஈரம்."

தூண்டில் நரம்பு விர்ரென்று ஓடியது. அவள் எழுந்து இழுத்தாள். இரண்டு இழுப்பு. சட்டென்று நரம்பு தளர்ந்துவிட்டது. கொடுவாவின் செவுள் கத்தி மாதிரி, அறுத்துக்கொண்டு போய்விட்டது. அவள் பல்லைக் கடித்தாள். காலையில் இருபது இரை இருந்தபோது ஒன்று போனால் பரவாயில்லை. இப்போது ஒவ்வொன்றும் வலித்தது.

இரண்டாவது மடவையை விட்டாள். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. தண்ணீரின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. தேசப்பனின் கை தன்னையறியாமல் மூடியின் பக்கம் போனது. அவள் பார்த்தாள். கை அங்கேயே நின்றது.

"தொறக்காம, உசிரோட இருக்கான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.  அவர் வாளியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

அவள் ஒரு கையால் நரம்பைப் பிடித்தபடி, மறு கையால் அவர் கையை எடுத்து வாளியின் வெளிப்பக்கத்தில் வைத்தாள்.

"இப்படியே இரு."

"ஒண்ணும் தெரியலையே."

"இருண்ணா."

அவர் இருந்தார். முதலில் தன் நாடித் துடிப்புதான் தெரிந்தது. அது அடங்க நேரம் பிடித்தது. பிறகு உள்ளங்கையில் ஏதோ லேசாகத் தட்டியது. வால். இன்னொரு தட்டல், வேறு இடத்தில்.

"இருக்குது" என்றார் மெதுவாக. கண் கலங்கியிருந்தது. "வாத்தியாரம்மா, கை வச்சும் ஒண்ணும் தட்டலைன்னா?"

"அப்ப தொற."

அந்த நேரம் பார்த்து நரம்பு இறுகியது. இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. ஓடவிட்டு, நிற்கவிட்டு, மெல்லச் சேர்த்தாள். படகோரம் வந்தபோது அவர்தான் குனிந்து கைவலையில் ஏந்தினார். ஒரு முழத்துக்கு மேல் நல்ல கொடுவா. அதோடு தண்ணீரும் அடங்கிவிட்டது. அன்றைக்கு அந்த ஒரு மீன்தான்.

கரை கண்ணுக்குத் தெரிந்தபோது மணி மூன்றரை. மனைவி போன் பண்ணவே இல்லை. தேசப்பன் போனைக் கையில் எடுத்தார், பார்த்தார், சட்டைப் பைக்குள் போட்டார்.

படித்துறையில் யுகேந்திரன் நின்றிருந்தான். தோளில் பை.

படகு தட்டியதும் தேசப்பன் இறங்கினார். பையன் தான் ஓட்டி வந்த பைக்கின் சாவியை நீட்டினான். "அம்மா உன்கிட்டயே குடுத்துட்டுப் போகச் சொல்லுச்சு."

சாவியை வாங்க அவர் ஒரு எட்டு கிட்டே வந்தார். பையன் குனிந்து, வாயைத் திறந்து, அவர் முகத்துக்கு நேராக ஊதினான். யாரும் கேட்கவில்லை. அவர் கிட்டே வந்தால் ஊத வேண்டும் என்று அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

தேசப்பனுக்கு வெட்கமாக இருந்தது. அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். அந்தக் காற்று கலைகிற வரைக்கும் மூக்கால் இழுக்கவில்லை.

பையன் அதைக் கவனித்தான்.

பூங்காவனம் வாளியைப் படித்துறையில் வைத்தாள். "அண்ணா, மிச்சத்தைக் கூடையில விட்டுட்டு வா. நாளைக்கு ஆகும்." அவளுடைய கூடை அறுபது எழுபது அடி தள்ளி, கரையோரத் தண்ணீரில் கட்டிக் கிடந்தது.

யுகேந்திரன் வாளியைப் பார்த்தான். "இன்னா இது?"

"மடவை. நாலு."

"உசிரோட இருக்கா?"

தேசப்பன் குனிந்தார். பையனும் பூங்காவனமும் அவர் கையைப் பார்த்தார்கள். கை மூடிக்குப் போகவில்லை. வாளியின் பக்கத்தில் அமர்ந்தது. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது.

"இருக்கு."

"தொறந்து பாக்காமயே சொல்றே?"

அவர் வாளியின் பிடியைப் பற்றித் தூக்கப் பார்த்தார். தண்ணீர் தளும்பி ஓரத்தில் அடித்தது. இறக்கி வைத்தார்.

"ஒரு ஆள் தூக்கினா ஆடுது" என்றார். "பஸ்ஸுக்கு நேரம் இருந்தா ஒரு பக்கம் பிடி. இல்லைன்னா போ. நான் மெதுவாக் கொண்டுபோறேன்."

பையன் சாலைப் பக்கம் பார்த்தான். பிறகு பிடியின் மறு பக்கத்தைப் பற்றினான். பை தோளிலேயே இருந்தது.

இரண்டு பேரும் நடந்தார்கள். சேற்றில் வழுக்காமல், ஒருவர் எட்டுக்கு மற்றவர் எட்டு வைத்து. பாதி தூரம் போயிருப்பார்கள், பஸ் ஹாரன் கேட்டது. பையனின் கை பிடியில் ஒரு கணம் இறுகியது. விட்டுவிடப் போகிறானா?  முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அவர் தலை அவன் பக்கம் திரும்பத் தொடங்கியது.

பின்னால், படகில் கொடுவாவைக் கழுவிக்கொண்டிருந்த பூங்காவனம் வாளி தளும்புகிற சத்தம் கேட்டு, தலை நிமிராமல் குரல் கொடுத்தாள்:

"முன்னாடி பாத்து நடண்ணா. தண்ணி ஆடுது."