விலைபோன வீட்டின் பின்கதவு

ஈரோட்டில் வீடு விலைபோகாமல் தவிப்பவர்கள் கடைசியில் குழந்தைவேலுவிடம்தான் வந்து நிற்பார்கள். புரோக்கர்கள் கைகழுவிவிட்ட வீடும் அவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் விற்றுவிடும் என்று ஊருக்குள் பேச்சு. பேச்சில் உண்மையும் இருந்தது.

அவர் செய்தது ஃபெங் சுயி. வீட்டுக்குள் காற்றும் வெளிச்சமும் தடையில்லாமல் நடமாட வழி செய்கிற சீனக் கலை. அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஹேமலதா டீச்சர். கணவரின் வேலைக்காகப் பினாங்கில் பல வருடம் இருந்து, அங்கேயே படித்துத் தேர்ந்து வந்தவர். குழந்தைவேலுவைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் டீச்சர் எதிரில் அவர் கைகட்டித்தான் உட்காருவார்.

டீச்சர் மூன்று கால் தவளை, சிரிக்கும் புத்தர், காற்றுமணி என்று எதையும் விற்பதில்லை. சீடர்தான் விற்றார். பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே.

முதன்முதலாக ஒரு வாடிக்கையாளர் கிடைத்த சந்தோஷத்தில் அவர் பழத்தட்டோடு போய் நின்றபோது டீச்சர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உங்க வீட்டைப் பாத்துட்டீங்களா அண்ணா?"

"பாத்துக்கலாங்க டீச்சர்."

'பாத்துக்கலாம்' அவர் வாயில் வாடகை கொடுக்காமல் குடியிருந்த சொல். அதை அதிகம் கேட்டவள் அவர் மனைவி பூங்கோதை. பின்கதவு நிலையைப் பிடிக்கிறது, ஆசாரியை வரச் சொல்லுங்கள் என்பாள். பாத்துக்கலாம். குழாய் சொட்டுகிறது என்பாள். பாத்துக்கலாம். அடுப்புக்கு மேலே இருந்த ஜன்னலை அடைத்துப் பெட்டி பெட்டியாகத் தவளையும் புத்தரும் அடுக்கியிருந்தார். பகலிலும் லைட் போட்டுச் சமைக்கிறேன், அதை மட்டுமாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். அதற்கும் அதே பதில்தான். ஊராருக்கு அதிர்ஷ்டம் தரும் சரக்கு அவள் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பூங்கோதை சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு காங்கேயத்தில் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போனாள். அண்ணன் தோட்டத்து ஓட்டு வீடு ஒன்று சும்மா கிடந்தது. அதிலேயே தங்கிவிட்டாள். கோபம் ஆறினால் தானாக வருவாள் என்று இவர் இருந்தார். அவளுக்குக் கோபம் இருந்தால்தானே ஆறுவதற்கு.

பிறகு ஒருநாள் மகள் மூலம் சொல்லியனுப்பினாள். வீடு இருவர் பேரிலும் இருக்கிறது, விற்று அவரவர் பங்கை எடுத்துக்கொள்ளலாம் என்று.

குழந்தைவேலு சரி என்றே சொல்லியனுப்பினார். ஆனால் உள்ளுக்குள் ஒரு நப்பாசை. வாங்க வருகிறவர்களோடு பேசி முடிக்க அவளும் வந்தாக வேண்டும். வந்து பார்க்கும்போது வீடு ஜொலிக்கட்டும். பார்த்தால் அவள் மனம் மாறாதா?

வேலையில் இறங்கினார். ஆசாரி வந்து பின்கதவைக் கழற்றி இழைத்து மாட்டினார். சின்னப் பிள்ளை விரலால் தள்ளினாலும் திறந்தது. குழாய் சொட்டுவது நின்றது. பெட்டிகளெல்லாம் இறங்கின, ஜன்னல் திறந்தது. காலை வெயில் நேராக அடுப்பு மேடையில் வந்து விழுந்தபோது அவரே எட்டிப் பார்த்தார். அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை மரம் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

கடைசியாகச் சுவரில் இருந்த கல்யாணப் படத்தைக் கழற்றினார். விற்கிற வீட்டில் பழைய ஆட்களின் முகம் இருக்கக் கூடாது, வருகிறவர்கள் தங்களை அங்கே நினைத்துப் பார்க்க முடியாது என்பது அவர் எல்லோருக்கும் சொல்கிற விதி. தன் வீட்டுக்கும் அதையே செய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. பூங்கோதையும் பஸ் பிடித்து வந்திருந்தாள். விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். படம் இருந்த இடத்தில் சுவரின் நிறம் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது. அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பெண் சமையலறைக்குள் போனவள் வெளியே வரவே இல்லை. இங்கேயே நாள் முழுக்க நிற்கலாம் போலிருக்கிறது என்று புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் மறுபேச்சில்லாமல் விலைக்குச் சம்மதித்தான். சமையலறை வாசலில் நின்ற பூங்கோதை, அந்தப் பெண்ணின் கைமேல் விழுந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைவேலு பூங்கோதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு அவள் கொல்லைப் பக்கம் நடந்தாள். எத்தனையோ வருடப் பழக்கம். கதவருகே போனதும் தோளைக் கொடுத்து ஓங்கி இடித்தாள். கதவு பட்டென்று திறந்துகொண்டது. பிடிமானம் தவறித் தடுமாறியவள், வெளியே துணி துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் பதறி ஓடினார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கதவை ஒரு விரலால் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள்.

"விக்கறதுன்னா சரி பண்ண முடியுதுங்க, இல்லீங்களா?" என்றாள்.

அதில் குத்தல் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் பையை எடுத்துக்கொண்டாள். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லக்கூட அவருக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

மறுநாள் டீச்சர் வீட்டுக்குப் போனார். வீடு விற்றதையும், வந்தவர்கள் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டதையும், கதவையும், பூங்கோதை சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"வீட்டை விட்டுப் போனவங்க திரும்பி வர்றதுக்கு இதுல வழி ஏதாச்சும் இருக்குதுங்களா டீச்சர்?"

"எதுல?"

"நம்ம ஃபெங் சுயில. எந்த மூலையில என்ன வைக்கணும்னு சொல்லுங்க. வெச்சர்றேன்."

பையிலிருந்து திசைகாட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வீடு வீடாகப் போய் வந்ததில் அதன் பித்தளை விளிம்பு தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது.

"எந்த வீட்டு மூலையில?"

"என்ற வீட்டுலதானுங்க."

"அதைத்தான் வித்துட்டீங்களே அண்ணா. இனி அது அந்தப் பொண்ணோட வீடு."

டீச்சர் கையை நீட்டித் திசைகாட்டியைக் கேட்டு வாங்கினார். மூடியைச் சாத்தித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அக்கா இப்ப இருக்கற வீட்டுக்குப் போயிருக்கீங்களா?"

"இல்லீங்க. அவ வருவான்னுதான் இருந்தேன்."

"எத்தனையோ பேர் வீட்டு அடுப்பு எந்தத் திசையில இருக்குதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவீங்க."

"ஆமாங்க டீச்சர்."

"காங்கேயத்துல அவங்க வீட்டுப் பின்கதவு, அதுவும் நிலையைப் பிடிக்குதுங்களா?"

குழந்தைவேலுவுக்கு அது தெரியவில்லை.